வலிகுறை அமிலம்

இன்று காலை எங்கள் தெருவுக்கு ஆசிட் விற்பவர் வந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்கள். பாத்ரூம் கழுவ ஒரு பாட்டில் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளைப் புகை கிளம்பி மூக்கில் ஏறியது. "யம்மா, ஸ்ட்ராங்கு சரக்கு. மூஞ்சிகிட்ட கொண்டு போவாதீங்க" என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலம். வரும்போதே தான் யாரென்று சொல்லிவிடுகிற யோக்கியமான அமிலம். கண்ணில் நீர் வழிய வாசலிலேயே நின்றேன். பாதி அந்தப் புகைக்கு, பாதி உனக்கு.

"வலிகுறை அமிலந்தானடி, ஒண்ணும் ஆவாது." நான் உன்னிடம் சொன்ன இந்த ஒரு வரியை இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன வாரம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதைத் தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பிளஸ் டூவில் தமிழில் வேதியியல் படித்தவர்கள். வலிமிகு அமிலம், வலிகுறை அமிலம் என்று புத்தகத்தில் இருந்தது. தண்ணீரில் போட்டதும் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனிகளை எல்லாம் விட்டுவிடுவது முதல் வகை. கொஞ்சம் விட்டு, மீதியைக் கைவிடாமல் வைத்துக்கொள்வது இரண்டாம் வகை. புத்தகத் தமிழில் வலி என்றால் வலிமை. நீதான் எழுந்து, "அப்ப இது பட்டா கம்மியா வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. மத்தியானம் உன் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பைத் தின்றுவிட்டு நான் தண்ணீருக்குத் தவித்தபோது, "வலிமிகு காரம்டி, உன் நாக்குல முழுசா பிரிஞ்சிடுச்சி பாரு" என்றாய். எனக்குப் புரையேறியது. உனக்குக் காரம் என்றாலும் சிரிப்பு, அமிலம் என்றாலும் சிரிப்பு.

கல்லூரி முடித்ததும் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. களிமண்ணில் சிலிக்கா எவ்வளவு என்று பார்ப்பதுதான் நம் வேலை. பிளாட்டினக் கிண்ணத்தில் மண்ணைப் போட்டு, கந்தக அமிலம் சில துளி, ஹைட்ரோபுளூரிக் அமிலம் கொஞ்சம் விட்டுச் சூடாக்கினால் சிலிக்கா வாயுவாகப் பறந்துவிடும். குறைந்த எடைதான் கணக்கு. கந்தக அமிலம் என்றால் உனக்கு நடுக்கம். கையுறை, கண்ணாடி, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு ஏதோ பாம்பு பிடிக்கப் போகிறவளாட்டம் வருவாய். மற்றது, புத்தகக் கணக்கில் வலிகுறை அமிலமான ஹைட்ரோபுளூரிக், பிளாஸ்டிக் பாட்டிலில் சாதுவாக இருந்தது. கண்ணாடி பாட்டிலில் வைத்தால் பாட்டிலையே தின்றுவிடும்.

"கண்ணாடியையே தின்னுதே, இது எப்புட்றி வீக்கு?" என்று ஒருநாள் கேட்டாய்.

நான் பெரிய மேதாவியாகப் பதில் சொன்னேன். எவ்வளவு பிரிகிறது என்பதுதான் வலிமை, கண்ணாடியைத் தின்பது வேறு விஷயம் என்றேன். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க். உன் கேள்விதான் என் பதிலைவிட அறிவானது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த பிளாஸ்டிக் பாட்டில் உன் கையிலிருந்து நழுவியது. தொடை முழுக்க நனைந்துவிட்டது. ஓடி வந்து, "எரியுதாடி?" என்றேன்.

"இல்ல. ஜில்லுனு இருக்குது."

அப்போதுதான் அந்த வரியைச் சொன்னேன். உன் முகம் தெளிந்தது. இரண்டு மக் தண்ணீர் ஊற்றிக் கழுவினாய், வேறு சுடிதார் மாற்றினாய், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். சாயங்காலம் எப்போதும் போல சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினாய். "போயிட்டு வரேன்" என்றாய். வீட்டுக்குப் போன பிறகுதான் வலி தொடங்கியதாம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் உன் இதயம் நின்றுவிட்டது.

பிறகு தேடித்தேடிப் படித்தேன். முழுசாகப் பிரியும் அமிலம் தோலிலேயே சண்டையைத் தொடங்கிவிடும். நாம் அலறிக்கொண்டு குழாய்க்கு ஓடுவோம். இது பிரியாமல், மின்சுமை இல்லாமல், சத்தமில்லாமல் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. அங்கே போய்ப் பிரிந்து, ரத்தத்திலும் எலும்பிலும் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது. உடனே பூச ஒரு கால்சியக் களிம்பு உண்டு. நம் கூடத்தில் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது என் மேசையில் நான்கு டியூப் இருக்கிறது. யாருக்கு?

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். எடை பார்க்கும்போது பின்னால் மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன். "எரியுதாடி?" என்று மனசுக்குள் கேட்பேன். "இல்ல" என்பாய். ஒரு தடவையாவது எரிகிறது என்று சொல்லித் தொலையேன்.

ஒவ்வொரு வருடமும் உன் நினைவு நாளுக்கு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அம்மா காப்பி போடுவார், உன்னைப் பற்றிப் பேசுவார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். போன வாரம் முடியவில்லை. அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, அன்னிக்கி ஒண்ணும் ஆவாதுன்னு அவகிட்ட சொன்னது நான்தாம்மா" என்றேன்.

கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. "தெரியும்மா" என்றார். "துடிச்சிக்கிட்டு இருந்தா. அவங்கப்பா அப்பவே ஆஸ்பத்திரிக்கின்னு வண்டிய எடுத்தாரு. அவதான் வாணாம்னுட்டா. உம் பேரச் சொல்லி, அவளே சொல்லிட்டாம்மா, கெமிஸ்ட்ரில அவ சொன்னா தப்பாவாது, காலையில பாத்துக்கலாம்னா."

"ஏம்மா இத்தினி வருசமா கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ வருவியா? அவளும் போயி நீயும் வராம பூட்டா, அவளப் பத்திப் பேச எனக்கு யாரு இருக்கறாங்க?"

மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது, இன்னும் ஓடுகிறது. உன் உடம்பு முழுக்க அது பொய் என்று கத்திக்கொண்டிருந்தபோதும், நீ என் பேச்சைத்தான் நம்பினாய்.