சீட்டு விழாத பிள்ளைகள்

செவ்வாய்க்கிழமை, ஓர்ஸ் ஹில் அலுவலகம்.

மாவட்டப் பல் கணக்கெடுப்புக்காக வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பரிசோதனைப் படிவங்களை இண்டைக்குக் கணினியில் ஏற்றினனான். ஒரு பிள்ளைக்குக்கூட நல்ல பல் இல்லை. எங்கேயோ பிழை எண்டு பட்டது. பரிசோதிக்கப் போன பரீனாவுக்குப் போன் எடுத்தனான்.

"பள்ளிக்கூட இடாப்பில இருந்து நான் சீட்டுக் குலுக்கி எடுத்த பெயர்களைத்தானே பார்த்தனீங்கள்?"

"இல்லை சேர். பல்லுப் பார்க்க ஆக்கள் வந்திருக்கினம் எண்டதும் அதிபர் பல்லுவலிக்காரப் பிள்ளைகளைத்தான் வரிசையில விட்டார். கன்னம் வீங்கின பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு ஏலாமப் போச்சு."

"மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

"எங்களிட்ட கண்ணாடியும் டோர்ச்சும்தானே சேர் இருந்தது."

கத்திப்போட்டன். பிறகு போனை வைச்சன்.

அந்தக் கரை முழுவதற்கும் சேர்த்துத் தெரிவானது அந்த ஒரு பள்ளிக்கூடம். அங்க ஒரு பிள்ளையின் வாய் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்காகக் கதைக்கும். அப்படியே விட்டால் மாவட்டக் கணக்கு முழுக்கப் பொய். அந்தப் பிள்ளைகளை எடுத்துப்போட்டால் அந்தக் கரையே அறிக்கையில் இல்லை. திரும்பப் போக வாகனம் கேட்டுப் பார்த்தனான். தரமாட்டினமாம்.

வேற வழியில்லாமல் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் 'நீக்கப்பட்டது' எண்டு அடிச்சன். பக்கத்தில காரணம் எழுத ஒரு பெட்டி இருக்கு. 'குலுக்கலில் தெரிவாகவில்லை' எண்டு எழுதினனான். அது உண்மைதான்.

பல்லு வலிச்சதாலதான் நீக்கினது எண்டு எழுத ஏலாது. ஆனா அதுவும் உண்மைதான்.