அத்தாவின் கறி உருண்டையில் நான் போடாதது

பிரியமான அத்தாவுக்கு, மகள் எழுதுவது.

உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். போன மாதம் அண்ணன் கபருஸ்தானுக்குள் வந்து உங்களுக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனான். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லாததால் நான் வெளிச்சுவர் ஓரமாக நின்றேன். நீங்கள் அடங்கியிருப்பது எந்த வேப்பமரத்தடி என்று அவன் கைகாட்டிச் சொன்னான். சொல்ல நிறைய இருந்தது. ரோட்டில் நின்றுகொண்டு எதைச் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது உங்களுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே, "இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் காதிலும் இது விழட்டும்.

அம்மாவுக்கு நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குப் போனது நினைவில்லை, அத்தா. நீங்கள் குவைத்தில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வேலையை விட்டு ஊருக்கே வந்து எங்களோடு இருந்தீர்களே, அந்த வருடங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும், "அத்தா போன் பண்ணாங்களாடி?" என்பதுதான் முதல் பேச்சு.

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னோம். சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கு அதுதான் முதல் செய்தி. முதல் நாள் அழுத அதே அழுகை. சொன்னவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குச் செய்தி மறந்துவிடும், அழுகை மட்டும் நிற்காது. "நான் எதுக்குடி அழுவுறேன்?" என்று ஒரு நாள் என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து, "லைன் கிடைக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் படித்த புத்தகங்களில் மறதியைப் பற்றி எவ்வளவோ அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஒருவரும் எழுதவில்லை.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்ததும், "வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிடலாம். அத்தா செய்யிற உருண்டையைச் செய்யேன். வீடு வீடு மாதிரியே இல்ல" என்றான். எனக்கும் ஆசையாக இருந்தது. பரண் மேலிருந்து உங்கள் ஸ்லோ குக்கரை இறக்கித் துடைத்தேன். நீங்கள் அதைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த அன்று அம்மா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "அஞ்சு மணி நேரம் வேகுமா? தூங்குமூஞ்சிச் சட்டியா வாங்கிட்டு வந்திருக்கீங்க!" கடைசிவரை அதற்குத் தூங்குமூஞ்சி என்றுதான் பெயர்.

பாலக்கரையில் நீங்கள் வாங்கும் கடையிலேயே கறி வாங்கி, இரண்டு தரம் கைமா போடச் சொன்னேன். சின்ன வெங்காயம், சோம்பு, பொட்டுக்கடலை மாவு, முட்டை. உருட்டி, லேசாகப் பொரித்து எடுத்து, தக்காளிச் சாறில் அடுக்கினேன். குவைத்தில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பிலிப்பைன்ஸ்காரர் பாட்டில் சாஸும் திராட்சை ஜாமும் ஊற்றுவாராமே. நீங்கள் அதை மாற்றிப் புளியும் வெல்லமும் பேரீச்சை விழுதும் ஆக்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எல்லாவற்றையும் நீங்கள் போட்டபடியே போட்டேன். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு சுவிட்சைப் போட்டேன். மூடியைத் தொட்ட அண்ணனின் கையில் கரண்டியால் ஒன்று வைத்தேன், உங்களைப் போலவே.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நீங்கள் ஊரில் இல்லாதபோது இந்த வீட்டில் யாரும் அந்த உருண்டையைச் செய்ததே இல்லை. லீவில் வந்த முதல் வெள்ளிக்கிழமைதான் சட்டி ஏறும், ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வருவார்கள். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று தெருவுக்குத் தெரிவதே அந்த வாசனையால்தான். அம்மாவுக்கு மறந்துபோனவற்றில் அந்த வாசனை இல்லை.

பத்து மணி இருக்கும். அம்மா தானாகவே குளித்து, நீங்கள் வாங்கித் தந்த பச்சைப் புடவையைக் கட்டி, கண்ணுக்குச் சுருமா போட்டுக்கொண்டு வந்து நின்றார். எத்தனை மாதமாயிற்று அத்தா, நாங்கள் சொல்லாமல் அவர் தலை வாரி!

"எப்படி வந்தாங்க? ஏர்போர்ட்டுக்கு யாரு போனா? என்னை எழுப்ப வேணாமா?" என்றார். "பள்ளிவாசலுக்குப் போயிட்டாங்களா?"

என் பதிலுக்குக் காத்திராமல் அம்மா நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சமையலறையில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. "போய் உண்மையைச் சொல்லிடுறேன். இப்படி ஏமாத்துறது பாவம்" என்றான்.

"சொல்லு. சொல்லிட்டு நீ பிளைட் ஏறிடுவே. சாயங்காலம் எதுக்கு அழுவுறேன்னு என்கிட்டதானே கேப்பாங்க?"

"அதுக்காக? வாசலையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்ங்கிறியா?"

நான் தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாவின் அலங்காரத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு உள்ளே நழுவினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரதன் மாமாவும் வந்தார். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர், அதே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், அதே மஞ்சள் பையில் வாழைப்பழத்தோடு. அவரைப் பிடித்துக்கொண்டார் அம்மா.

"அண்ணே, உங்க சிநேகிதரைப் பாத்தீங்களா? வந்ததும் வராததுமா உங்க வீட்டுக்குத்தான் ஓடியிருப்பாங்க. காவிரிப் பாலத்தைத் தாண்டலைன்னா அவங்களுக்குத் தூக்கம் வராதே."

மாமா செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "நான் பாக்கலையேம்மா. எனக்கும் அவனைப் பாக்கணும்னுதான் இருக்கு."

அதில் பொய் இல்லை. எனக்கு ஏன் அப்படியொரு வாக்கியம் இத்தனை நாள் வாயில் வரவில்லை?

சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அம்மாவுக்குத் தட்டு கொண்டுபோனேன். இரண்டு உருண்டை, கொஞ்சம் சாறு, மெத்தென்று ரொட்டி. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது அவங்க செஞ்சது இல்ல."

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா செஞ்சே?"

"ஆமாம்மா. நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க கையில புளிப்பு வேற மாதிரி இருக்கும். கடைசியில வந்து நிக்கும்." மறுபடி கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தார். "அப்ப அவங்க வரலை."

அம்மா வாசலை ஒரு தரம் பார்த்தார்.

"வர மாட்டாங்கல்ல?"

உண்மையைச் சொல்லியே தீருவேன் என்ற அண்ணன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அம்மா அவன் தலையில் இடது கையை வைத்தபடி, வலது கையால் மெதுவாகத் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். அழவில்லை, அத்தா. நாங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் அழுதவர், தானே கண்டுபிடித்த அன்று அழவில்லை. அது ஏன் என்று உங்களுக்காவது தெரியுமா?

மறுநாள் காலை வழக்கம்போல, "போன் வந்துச்சா?" என்று கேட்டார்.

விருந்தன்று கிளம்பும்போது வரதன் மாமா சமையலறைக்கு வந்தார். மற்றவர்கள் கூடத்தில் சாப்பிட, அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாழைப்பழமும் நீங்கள் கொண்டுவரும் பேரீச்சையும் தின்றபடி உங்களோடு வம்பளப்பாரே, அதே ஸ்டூலில்.

"நான் அதை வாயில போட்டதில்ல. ஆனா கூடவே உக்காந்து பாத்திருக்கேன். பரிமாறறதுக்கு முன்னாடி கறுப்பா, கோலிக்குண்டு மாதிரி ஒண்ணை உள்ளேருந்து எடுத்துக் குப்பையில போடுவான். என்னடா காதர் அதுன்னா, 'நீதான் சாப்பிட மாட்டியே, உனக்கெதுக்குடா ஐயங்காரே'ம்பான்."

வருடக்கணக்காக அந்த உருண்டையைத் தின்ற நாங்கள் யாரும் பார்க்காததை, ஒரு வாய்கூடத் தின்னாதவர் பார்த்திருக்கிறார்!

உங்கள் பெட்டியைத் திறந்தேன். மருந்து டப்பாக்களுக்கு அடியில், பால்பவுடர் டின்னில் இருந்தன. வெயிலில் காய்ந்து கறுத்த எலுமிச்சைகள். ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். குவைத்தில் ஏதாவது மளிகைக் கடையில் வாங்கியிருப்பீர்கள். அடுத்த வாரம், அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கொஞ்சம் கைமா வாங்கிக் குக்கர் வைக்காமல் அடுப்பிலேயே செய்து பார்த்தேன். ஒரு எலுமிச்சையை முள்கரண்டியால் குத்திச் சாறில் போட்டேன். பரிமாறும் பதத்தில் எடுத்துவிட்டேன்.

வாயில் வைத்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள், அத்தா. இனிப்பு, புளி, காரம் எல்லாம் போனபிறகு, நாக்கின் ஓரத்தில் புகை மாதிரி அந்தப் புளிப்பு. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, அம்மா திரும்புவதற்குள் வாசனை போக ஊதுவத்தி கொளுத்தினேன்.

சிங்கப்பூர் திரும்பிவிட்ட அண்ணனிடம் போனில் சொன்னேன். "இனிமே அதைப் போட்டே செய்யி. அம்மா ஒரு சாயங்காலமாவது சந்தோஷமா இருக்கட்டும்" என்கிறான். பொய் பாவம் என்று சண்டை போட்டவன்! பொய் சொல்லிக்கொண்டிருந்த எனக்குத்தான் இப்போது பயமாக இருக்கிறது. அந்த ருசியோடு ஒரு தட்டை வைத்தால் அம்மா நம்பிவிடுவார். முழுக்க நம்பிவிடுவார். அப்புறம் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். எவ்வளவு நேரம் உட்காருவார்? விளக்கு வைத்தபிறகும் நீங்கள் உள்ளே வராதபோது நான் போய் என்ன சொல்லி எழுப்புவேன்?

உங்கள் கைப்பக்குவத்தை யாராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். கற்றுக்கொண்டேன். யாருக்குக் காட்ட வேண்டுமோ அவருக்குக் காட்ட முடியவில்லை.

பெருநாளைக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். எல்லாரையும் கூப்பிடுவேன், தூங்குமூஞ்சிச் சட்டியும் ஏறும். அம்மா பச்சைப் புடவை கட்டிக்கொள்ளட்டும். அதைத் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கறுப்பு எலுமிச்சையை மட்டும் போட மாட்டேன். முதல் வாயிலேயே அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பார், நீயா செஞ்சே என்று கேட்பார். நான்தாம்மா என்று சொல்லிவிட்டு, அவர் தட்டைக் காலி செய்யும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

முழுசாகத் தெரிந்தும் ஒன்றைக் குறைத்துச் சமைக்கும்,
உங்கள் மகள்
ஆயிஷா