நம்பர் சுரண்டிய போர்டு

போன இடத்திலும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அன்பு அண்ணா,

செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ செய்து வைத்திருக்கும் வேலையைப் பார்த்த பிறகு என்னால் திட்டாமல் இருக்க முடியவில்லை.

நீ கடைசிவரை விற்காமல் வைத்திருந்த ஆளுயர வீடியோ கேம் பெட்டி போன வாரம் முழுக்க தேவராஜ மொஹல்லாவில் என் ரிப்பேர் கடையில் நின்றது. வாசலில் பாதியை அது அடைத்துக்கொள்ள, டிவி கொண்டுவந்தவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே வந்தார்கள். சுவிட்சைப் போட்டால் விளையாட்டு இல்லை. திரை முழுக்கக் கோடும் கட்டமும் உடைந்த எழுத்துமாகக் குப்பை. மெமரி ஐசிகளில் ஏதோ ஒன்று போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

எது என்று பார்க்கப் போர்டைக் கழற்றினால், அண்ணா, ஒரு ஐசியின் மேலும் அது இன்னதென்று சொல்லும் நம்பர் இல்லை. பிளேடு வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டியிருக்கிறாய். அது போதாதென்று அண்ணியின் நெயில் பாலிஷை வேறு பூசியிருக்கிறாய். அடுத்த மெக்கானிக் பார்த்துவிடக் கூடாது என்று நம் தொழிலில் பலரும் செய்கிற திருட்டுத்தனம்தான், தெரியும். ஆனால் நாம் இருவரும் ஒன்றாகக் கடை நடத்தியபோது இந்தப் போர்டில் எல்லா நம்பரும் இருந்தன. நான் தனியாகப் பிரிந்து வந்த பிறகுதான் சுரண்டியிருக்கிறாய். அப்படியானால் அந்த அடுத்த மெக்கானிக் யார்? நானா?

இதை நினைத்து நினைத்தே வேலை ஓடவில்லை. இதற்கு நடுவில் உன் மகள் நந்தினி. அண்ணி ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு விஜயநகரில் அவள் வீட்டுக்கே குடிபோவதாக ஏற்பாடு. பெட்டி ஓடினால் அங்கே ஹாலில் இடம் உண்டாம்; ஓடாவிட்டால் பழைய இரும்போடு சேர்த்துக் குஜரிக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். தினமும் போன், பாதி கன்னடத்தில்.

"ஆய்த்தா, சித்தப்பா?"

"ஐசில நம்பரே இல்லையேம்மா."

"அதெல்லாம் எனக்கு கொத்தில்லா. அப்பாவோட மெஷின் அது. நீங்க பண்ணலன்னா வேற யாரு பண்ணுவாங்க?"

தின்னர் தொட்டுப் பாலிஷைத் துடைத்தேன். டார்ச்சைச் சாய்த்து அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா? இந்த மாதிரிப் பழைய போர்டுகளைப் பார்க்கிறவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. அதில் கேட்டேன். முதலில் ஐசி மேல் உள்ள நம்பரைப் பாருங்கள் சார் என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தெரியாத இடத்தில் தப்பான ஐசியை வைத்தால் போர்டே போய்விடும். இன்னொரு போர்டுக்கு நான் எங்கே போவேன்?

சனிக்கிழமை மதியம் அண்ணி கடைக்கு வந்தார். பெட்டி நின்றிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானுங்களே அண்ணி, அண்ணன் இதையெல்லாஞ் சுரண்டுனாரு?"

"அட, போங்க தம்பி. நான் அன்னைக்கே கேட்டனுங்க, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா இதை யாரு பாக்கறதுன்னு. எந்தம்பி இருக்கறானல்ல, அவனுக்கு நம்பர் எதுக்கு, தொட்டுப் பாத்தே சொல்லிருவான்னாரு."

ஏன் அண்ணா, இதை என்னிடம் சொல்வதற்கு உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பேச்சுவார்த்தை குறைந்து, நல்லநாள் பெரியநாளில் மட்டும் தலையாட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டினோம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருப்பேனே.

லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போனேன். எல்லாம் இளஞ்சூடாக இருந்தன. கீழ் வரிசையில் ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தது. கால்களை எண்ணி, பக்கத்து ஐசிகளோடு அதன் தடங்களை ஒப்பிட்டு, என்ன வகை மெமரி என்று நிச்சயம் செய்துகொண்டேன். பிறகு அதன் முதுகில் அதே வகை நல்ல ஐசி ஒன்றைக் காலோடு கால் சேர வைத்து அழுத்தினேன். குப்பை மறைந்து விளையாட்டு வந்துவிட்டது. அண்ணி அழுதார். விரலை எடுக்க முடியாமல் அழுத்திப் பிடித்தபடி நானும் அழுதேன்.

செத்ததைக் கழற்றி, சாக்கெட் போட்டுப் புதியதை மாட்டிவிட்டேன். பெட்டி இப்போது விஜயநகர் ஹாலில் இருக்கிறது. மாப்பிள்ளைதான் ஜாய்ஸ்டிக்கை விடமாட்டேன் என்கிறாராம்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், மிச்ச ஐசிகள் ஒவ்வொன்றும் என்னவென்று கண்டுபிடித்து, அதன் தலையில் நம்பரை எழுதிவிடுவேன். எத்தனை மாதமானாலும் சரி, எழுதாமல் விடமாட்டேன். எனக்குப் பிறகு இந்தப் போர்டைத் திறக்கிறவன் எவனும் உன்னைத் திட்டக் கூடாது. உன்னைத் திட்ட நான் ஒருவன் போதும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் கூடப்பிறந்தவன்,
ராசு