எழுபத்தொன்பது மார்க்

சைக்கிள் பயிற்சி விடுதி, பெங்களூர்
3.7.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதனால் கடிதம். எள்ளுருண்டையில் பாதியை அறைத்தோழியே தின்றுவிட்டாள்.

ஒரு சங்கதி மனசை அறுக்கிறது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற உச்ச பலம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். எனக்கு 230 வாட் என்று பார்த்துத்தான் அணியில் எடுத்தார்கள். அன்று மிதிபலம் அளக்கும் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன், கூட்டிக் காட்டிவிட்டது. பிறகு சரிசெய்து பார்த்தால் 205தான்.

அந்த 230-ஐ வைத்துத்தான் ஒவ்வொரு சவாரியும் எவ்வளவு கடினம் என்று கம்ப்யூட்டர் மார்க் போடுகிறது. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்தால் நூறு வர வேண்டும். எனக்கு 79. "இன்னும் மிச்சம் வெச்சிருக்கே, ஏமாத்தாதே" என்று பயிற்சி கொடுக்கிற சார் சவாரியைக் கூட்டிக்கொண்டே போகிறார். உண்மையைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லட்டுமா?

பாஞ்சாலி

உத்திரமேரூர்
11.7.2008

என் கண்ணு பாஞ்சாலிக்கு,

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லம்மன் முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு எடுத்தேன். வெள்ளை என்றால் சொல்லிவிடு, சிவப்பு என்றால் சொல்லாதே. சிவப்பு வந்தது. "அம்மனே சொல்லிட்ச்சி, அப்பறம் இன்னா கீது? பந்தயம் முடியட்டும்" என்கிறார் அப்பா. பஸ் ஸ்டாண்டில் உன் பேனரை நின்று பார்க்காதவர்கள் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா, சொக்கம்மாள்

பெங்களூர்
6.8.2008

அம்மா,

அம்மன் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. நேற்று நாலு மணி நேரம். தொடை கல்லாகிவிட்டது. கம்ப்யூட்டர் 'நடுத்தரம்' என்றது. "இதுக்கே முனகுறியா?" என்றார் சார். காலையிலிருந்து சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. நாளைக்கும் ஏற வேண்டும். பயமாக இருக்கிறது.

பாஞ்சாலி

உத்திரமேரூர்
11.8.2008

பாஞ்சாலிக்கு,

உன் கடிதத்துக்கு முந்தியே வார்டன் போன் வந்துவிட்டது. அளவுக்கு மீறி மிதித்ததில் தசை நைந்து சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம், ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினில் போட்டிருக்கிறார்களாம். அப்பா உடனே பஸ் ஏறிவிட்டார். நான் கறவை மாட்டைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

படி அரிசி அளந்தாலும் தலைதட்டி அளக்கிறவள் நான். அன்று முதலில் வந்தது வெள்ளை. திரும்பவும் கட்டிக் குலுக்கிப் போட்டேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவதுதான் சிவப்பு. ஊர் வாயில் உன் பெயர் இருப்பதை இழக்க மனசு வரவில்லை.

இன்று உன் சாருக்குப் போன் போட்டு 205 என்று சொல்லிவிட்டேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அம்மன் ஏன் இப்படிச் சொன்னாள் என்று அப்பா உன் கட்டிலருகே புலம்பிக்கொண்டிருப்பார். இந்தக் கடிதத்தை அவருக்கு நீயே படித்துக் காட்டு.

சொக்கம்மாள்