தராசு கெட்டுப்போகவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் மூன்று கோழிகளும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அறையில் உன்னோடு இருக்கிற பெண்களும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. வழக்கம் போல நான் சொல்லச் சொல்ல சின்னவள் எழுதுகிறாள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், உன்னால் படிக்க முடியாது, மில்லில் நின்று நின்று வந்து அதை வேறு நீ எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உன் போட்டோவை அப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறார், சவரம் செய்யும்போது உன்னோடு பேசுகிறார். கழுத்தெலும்பு தெரிகிறதே என்று போன கடிதத்தில் கேட்டதற்கு வெளிச்சம் அப்படி விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அடுத்த தடவை நல்ல வெளிச்சம் உள்ள கடையில் எடு.

இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் இன்று பேனாவை எடுக்கச் சொன்னேன். போன வாரம் நம் தெருவுக்கு ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற வீடுகளில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவதுதான் அவள் வேலையாம். இதற்குமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அப்பாவுக்கு ஆச்சரியம். பையில் நாலு அளவில் நாலு கிண்ணம், மூன்று கரண்டி, கை சுற்றளவு பார்க்க ஒரு டேப், தூக்க முடியாத ஒரு தராசு. அதைத் தூக்க உன் தங்கையை டீச்சர் துணைக்கு அனுப்பிவிட்டார், அதனால் இவளுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் மிச்சம். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து, நேத்து காலையில கண்ணு முழிச்சதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயில என்னென்ன போட்டீங்க, அது எந்தக் கிண்ணத்து அளவு இருக்கும் என்று கேட்டாள். நீயே சொல், வாசலுக்கு வந்த ஒரு வெளியாளிடம் யாராவது ராத்திரி மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் குடித்தேன் என்று சொல்வார்களா. தையல்காரர் வீட்டம்மா காலையில் கறி, ராத்திரி கறி என்றாள். அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட தச்சர் வீட்டம்மா விடுவாளா, தன் முறை வந்ததும் கறி, மீன், நடுவில் இரண்டு முட்டை என்றாள். நான் அவ்வளவுக்கெல்லாம் போகவில்லை. சோறு, பருப்பு, அவரைக்காய், ஒரு முட்டை என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் பெரிய கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். பதினோரு வீட்டில் ஒரே நாளில் முப்பத்தேழு முட்டை. அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை, வரும்போதே தெருவில் மேய்கிற கோழிகளையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். மொத்தமே இருபத்தொன்று, அதில் நாலு சேவல். உங்க தெருவுல சேவலும் முட்டை போடுதாம்மா என்று அவள் கேட்டாள். தையல்காரர் வீட்டம்மா கொஞ்சமும் அசராமல், நைட் ஷிப்டும் பாக்குதுங்க கண்ணு, நீ பகல்லதானே எண்ணினே என்றாள். அதற்குப் பிறகு யாரால் வேலை செய்ய முடியும், தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே நோட்டில் ஒரு முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டாள்.

முந்தா நாள் விடிகாலையிலேயே திரும்பி வந்துவிட்டாள். இனிமேல் கேட்கப்போவதில்லையாம், நாலு வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து தட்டை நிறுத்தே எழுதப்போகிறாளாம், அதில் முதல் வீடு நம் வீடு. அப்பா போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். சோறு போட்ட தட்டை நிறுத்தாள், தின்று முடித்த தட்டையும் நிறுத்தாள். என்னை நிறுக்க வேணாமா, பாதி இப்ப எனக்குள்ளதான இருக்கு என்று அவர் கேட்டதற்கு, உங்களைத் தூக்கி வைக்க இன்னும் ரெண்டு பேர் வேணும்ப்பா என்றாள். நல்ல பெண். என் தட்டை வைத்தபோது மட்டும் முள் சரியாக நகரவில்லை. அவளும் தட்டித் தட்டிப் பார்த்தாள். அத்தனை ஊர் தூக்கிச் சுற்றுகிற தராசு, ஆட்டத்தில் கெட்டுப்போயிருக்கும், பாவம்.

மற்றபடி அவரை நன்றாகக் காய்த்திருக்கிறது, நேராக இருப்பதெல்லாம் சந்தைக்குப் போகிறது, கோணல் எல்லாம் வீட்டுக்கு, ருசியில் கோணல் தெரியாது. வாய்க்கால் தண்ணீர் முறை நமக்கு வெள்ளிக்கிழமை. தச்சர் வீட்டுக் கன்றுக்குட்டி நம் கீரைப் பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியில் படுத்துத் தூங்கியது. உனக்கு அனுப்ப நிலக்கடலை வறுக்க வேண்டும், மூன்றாவது கோழியின் முட்டையைச் சேர்த்து வைத்திருக்கிறேன், பன்னிரண்டு ஆகிவிட்டது, கடைக்காரரிடம் கொடுத்துக் கடலையும் வெல்லமும் வாங்கிக்கொள்வேன். நீ வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடாதே. நாங்கள் எல்லாரும் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறோம், எங்களை நினைத்துக் கவலைப்படாதே.

அம்மா

அக்கா, இது நான். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, சரி என்று மடித்து டப்பாவில் வைத்துவிட்டாள், காலையில் ஒட்டி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். அதற்குள் பின்பக்கத்தில் இதை எழுதிவிட வேண்டும். இரண்டு பேரும் தூங்குகிறார்கள். விளக்கை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு நானும் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இடம் போதவில்லை என்று நினைத்துக்கொள். உனக்கு எழுத மாட்டேன் என்று என் கணக்குப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதினால் என்னோடு பேசவே மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் செய்வாள் என்று உனக்கே தெரியும்.

தராசு கெட்டுப்போகவில்லை. கணக்கெடுக்க வந்த அந்த அக்கா கை கழுவப் போனபோது நான் உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன், முள் ஒரு கிலோவில் கச்சிதமாக நின்றது. அம்மா தட்டில்தான் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அப்பாவும் நானும் சாப்பிட்டு முடித்ததும் அந்த அக்கா அம்மாவைப் பார்த்தாள். எனக்கு அப்புறம் என்றாள் அம்மா. பாத்திரம் கழுவினாள், கோழிக்குத் தண்ணீர் வைத்தாள், தேவையே இல்லாமல் அரிசி டின்னைத் துடைத்தாள். அந்த அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அம்மாவால் அதற்கு மேல் தள்ள முடியவில்லை. பானையைச் சுரண்டி எடுத்த சோறும் அவரைக்காய் வெந்த தண்ணீரும், அவ்வளவுதான். இவ்வளவுதானாம்மா என்று அவள் கேட்டாள். காலையில நிறைய சாப்பிட்டேன் கண்ணு என்றாள் அம்மா. காலையிலயும் நான் இங்கதாம்மா இருந்தேன் என்றாள் அவள். அப்போதுதான் அம்மா தராசைக் குற்றம் சொன்னாள். அந்த அக்கா தட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அப்பா திண்ணைக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவள் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை அக்கா, காகிதம் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டை அம்மா காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

போன மாதம் அவரைப் பாத்தியில் அம்மா திடீரென்று உட்கார்ந்துவிட்டாள். உட்காரவில்லை, விழுந்தாள். கூடைக் காய் எல்லாம் கொட்டியது. வெயில் என்றாள், ஆனால் அன்றைக்கு மேகம் போட்டிருந்தது. அப்போது வாங்கிய சத்தியம்தான் அது.

முட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் கோழி போடுவது அப்பாவுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது உன் பார்சலுக்கு. முட்டை சாப்பிட்டேன்னு அந்த அக்காகிட்ட ஏம்மா பொய் சொன்னே என்று கேட்டேன். பொய் என்னடி பொய், வேக வெச்சது நான், உரிச்சது நான், உப்பு தூவினது நான், கடைசியில வாயில போடறது மட்டும் வேற ஆளு, அதுக்குப் போய் கணக்குப் பாக்கிறியா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளோடு சண்டை போடவே முடிவதில்லை. நேற்று ராத்திரி அப்பா தன் முட்டையை அம்மா தட்டில் வைத்தார். அம்மா என் தட்டில் வைத்தாள். நான் அப்பா தட்டில் வைத்தேன். அவர் மறுபடி அம்மாவிடம். மூன்று சுற்று சுற்றி முட்டை உடைந்தே போனது. கடைசியில், வளர்ற பிள்ளை சாப்பிடட்டும் என்று அம்மா ஜெயித்துவிட்டாள், உடைந்ததை நான்தான் தின்றேன்.

அதனால் நீ ஒரு உதவி செய். பதில் எழுதும்போது, இங்கே கேன்டீனில் தினமும் முட்டை போடுகிறார்கள், சலித்துவிட்டது, கடலையும் வேண்டாம், பார்சலே அனுப்பாதே என்று எழுது. அப்படி எழுதினால் மூன்றாவது கோழியின் முட்டைக்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது, அம்மாதான் சாப்பிட்டாக வேண்டும். பொய்தான், ஆனால் நம் தெருவில் முட்டையைப் பற்றிப் பொய் சொல்லாத ஆள் யார். இன்னொன்று, உன் போட்டோவில் வெளிச்சம் நேராகத்தான் விழுந்திருக்கிறது, நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீயாவது நிஜமாகச் சாப்பிடுகிறாயா அக்கா. தண்ணீர்ப் பானை மூடிச் சத்தம் கேட்கிறது, விளக்கை

இது அம்மா. என் கையாலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. தண்ணீர் குடிக்க எழுந்தவள் மேஜைக்கு அடியில் வெளிச்சத்தைப் பார்த்தேன், பூனை என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தால் உன் தங்கை. காகிதத்தைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, பேசாம இருந்துடாதம்மா, அடிச்சாக்கூடப் பரவாயில்லை என்று அழுதாள். வாங்கிப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ரொம்ப நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் அவள் மூச்சு விட்டாளா என்றே தெரியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், பயந்துகொண்டே இத்தனை வரி எழுதியிருக்கிறாளே என்று பார்த்தேன்.

அடுப்பை மூட்டி, பார்சலுக்கு வைத்திருந்ததில் இரண்டை எடுத்து வேக வைத்தேன். சமையலறைத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று தின்றோம். என்னுடையதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, உன் தங்கை சாட்சி. உப்புப் போட மறந்துவிட்டது, இருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது, இத்தனை நாள் இதையா ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. சத்தம் கேட்டு உன் அப்பா எழுந்து வந்து நிலைப்படியில் நின்று பார்த்தார். தராசு சரியாயிடுச்சு போல என்று மட்டும் சொல்லிவிட்டு, காலண்டருக்குப் பின்னால் இருந்த சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வாய்க்காலைத் தச்சர் பார்த்துக்கொள்வார், நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

இப்போது உன் முறை. நான் தராசைச் சொன்னேன், நீ வெளிச்சத்தைச் சொன்னாய், இரண்டும் ஒன்றுதான். இவள் சொல்லிக் கொடுத்த பொய்யை எழுதாதே. நேற்று காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை வாயில் என்னென்ன போட்டாய், எந்தக் கிண்ணத்து அளவு, உட்கார்ந்து தின்றாயா நின்றுகொண்டே தின்றாயா, வரிசையாக எழுது. சும்மா நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதே வரியை நான் உனக்கு எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பார்சல் வரும், கடலை கொஞ்சம் குறைவாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

உடம்பும் மனசும் நிறைந்து, நல்ல பசியும் பசிக்குச் சோறுமாக நீண்ட நாள் இரு. டீக்கு முன்னால் ஏதாவது சாப்பிடு, மறக்காதே. சின்னவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
உட்கார்ந்து சாப்பிட்ட உன் அம்மா