கோணல் பாவாடையும் உன் கோபமும்

இந்த வருடத் தையல் முகாம் முடிந்தது. தையல் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு மூடிவைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கையோடுதான் சாப்பிட உட்கார்ந்தேன். அப்படியும் ரசச் சோற்றில் மெஷின் எண்ணெய் வாசனை. உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. பிள்ளைகள் தங்கள் துணியைத் தாங்களே தைக்கட்டும் என்று இதை ஆரம்பித்தவள் நீ. பாதியில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவளும் நீ. தென்காசி மே மாத வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் வெந்தவள் மட்டும் நான்.

முதல் வருடம் நான் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்த லட்சணம் ஞாபகமிருக்கிறதா? மடியில் வைத்துத் தைத்த துணியை, தான் போட்டிருந்த கவுனோடு சேர்த்தே தைத்துவிட்டாள் ஒருத்தி. அவள் எழுந்தால் துணியும் எழுந்தது. நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் பிரிக்கப் போனபோது மட்டும் சிரிப்பு நின்றது. "ஏட்டி, கைய எடு. அவளே பிரிப்பா, அவளே தைப்பா."

அம்மாக்களிடமும் அதே கறார். கடைசி நாள் மேடையில், பிள்ளை தைத்ததைத்தான் பிள்ளை போட வேண்டும். முகம் சுளிப்பவர்களை நீ விரட்டுவாய். நான் பின்னாலேயே ஓடி, எதையாவது பேசிச் சிரிக்கவைத்து அழைத்து வருவேன்.

இந்த வருடம் குத்துக்கல்வலசையிலிருந்து வந்த மகிழினி மஞ்சள் பாவாடை தைத்தாள். ஒரு பக்கம் கணுக்கால் வரை, மறுபக்கம் முழங்கால் வரை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று அவள் அம்மா வாங்கிப் போனார். கடைசி நாள் காலையில் பாவாடை திரும்பி வந்தபோது சுற்றிலும் ஒரே நீளம், போதாததற்கு ஜரிகை. டெய்லர் கைவண்ணம்.

"இது என் பாவாடை இல்ல டீச்சர். நான் மேடைக்கு வரமாட்டேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர், ஸ்டேட்டஸ்ல வைக்கணும்லா? எங்க நாத்தனா பாத்தா, பிள்ளைக்கு ஒரு நல்ல துணி எடுத்துக்குடுக்க வக்கில்லயான்னு கேப்பா" என்றார் அம்மா.

வழக்கம்போல் அசடு வழியத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"பிறகு பிள்ளைய எதுக்கு அனுப்புதீங்க? டெய்லரயே மேடையில ஏத்திருங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பிரிச்சிரட்டா டீச்சர்?" என்றாள் மகிழினி.

"பிரி."

டெய்லர் வெட்டாமல் உள்ளே மடித்திருந்ததால் பிழைத்தோம். மறுபடி பாதி தைப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி ஓரத்தில் நூல் தொங்க, கையை ஆட்டிக்கொண்டே மேடையேறினாள். அவள் அம்மா படம்கூட எடுக்காமல் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

பின்னால் யாராவது போவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் போகவில்லை. மூச்சிரைக்க நானே ஓடினேன். "அக்கா, குத்தாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சிட்டாமே..."

"அதான் திட்டியாச்சுல்லா டீச்சர், இப்ப என்ன சாரல்?"

நியாயமான கேள்வி. அடுத்த கோடைக்கும் உன் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சமாதானம் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை.