பம்பு ஓடும்போது

எல்டோரெட், கென்யா

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம். நான் தற்காலிகமாக மின்பழுது பார்க்கும் இந்தப் பால் ஆலையில் பம்பு ஓடத் தொடங்கினாலே வெப்பமானியின் எண் தாறுமாறாகத் துள்ளும். உடனே பால் காய்ச்சும் இயந்திரம் தானாக நின்று பால் வீணாகும். பழி முழுக்க அதை இயக்கும் ஜெரோட்டிச் மேல். அவளை வேலையைவிட்டு அனுப்பவே இருந்தார்கள்.

நேற்றுதான் கண்டுபிடித்தேன். வெப்பமானியின் ஒயர் மோட்டார் கேபிளை ஒட்டியே போகிறது. அதன் மின் இரைச்சல் இதில் ஏறியிருக்கிறது. உலோக உறை போட்ட ஒயராக மாற்றி, தள்ளிக் கொண்டுபோய், உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். பம்பு ஓடியது. எண் அசையவில்லை.

"என்னடி, மந்திரம் ஏதும் போட்டியா?" என்று ஜெரோட்டிச் கட்டிக்கொண்டு அழுதாள்.

மேலாளர் என் வேலையை நிரந்தரமாக்கினார். சரி என்றுவிட்டேன். நைரோபியில் நீங்கள் பார்த்துவைத்த வீட்டுக்கு வேறு யாராவது வரட்டும். நீங்களும் இங்கே வந்துவிடுங்கள்; என் அறைக்குப் பெரிய கட்டிலாக வாங்கிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி